மூன்றே முக்கால் காணும், நாலு கூட

நமது பட்டறையின் செய்முறைக் கோவையில் பதினேழாவது விதியைப் படித்துவிட்டு உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். ‘உதிரிப் பாகங்களை எழுத்து மூலம் மட்டுமே கேட்க வேண்டும். கேட்பவர், கொடுப்பவர் இருவரும் தமிழராயின் இரண்டு முறை எழுத வேண்டும்.’ அந்தக் கோவை முழுவதையும் எழுதியவன் நான். முதல் வசனத்தை எழுதியபோது என்னிடம் படிப்பு இருந்தது. இரண்டாவது வசனம், நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆடி மாதத்துக்குப் பிறகு சேர்ந்தது. நீங்கள் சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறீர்கள். நடந்தது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம்.

இறுக்க வேண்டிய அளவு, விட வேண்டிய இடைவெளி எல்லாம் கோவையில் உண்டு. அவற்றை இங்கே தேடாதீர்கள்.

தோர்ண்டன் ஹீத்தில் கலியாணக் கார் வைத்திருக்கும் சறோவை நீங்கள் இனிமேல்தான் சந்திக்கப் போகிறீர்கள். கறுப்பு நிறம், அமெரிக்கப் பிறப்பு, எழுபது வயதைத் தாண்டியாயிற்று. காரைச் சொல்கிறேன். சறோ என்னைவிடப் பத்து வயது இளையவர். சாரதி வைத்துக்கொள்வதில்லை. பட்டுச் சேலை உடுத்தித் தானே ஓட்டிச் சென்று மாப்பிள்ளையை மண்டப வாசலில் இறக்குவார். லண்டனுக்கு வந்த பிறகு நமது கிரகங்கள் சனி, ஞாயிறுகளில் மட்டுமே நல்ல இடத்தில் நிற்கப் பழகிவிட்டதால் அவருக்கு ஒரு கார் போதும். ஆடியில் நம்மவர்கள் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே அந்தக் கார் ஒவ்வோர் ஆடியும் நம் பட்டறைக்கு வரும்; ஆவணி பிறக்கும்போது வெளியே போகும்.

அந்த ஆடியில் காருக்கு முன்னால் அதன் புகழ் வந்து சேர்ந்துவிட்டது. ஆனி மாதத்தின் கடைசிக் கலியாணத்தில், விம்பிள்டன் பக்கம் ஒரு மண்டபத்தின் வாசல் ஏற்றத்தில், மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த கார் நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் தோழனும் தலைப்பாகையோடு இறங்கித் தள்ளினார்கள். யாரோ அதைப் படம்பிடித்தார். பதினெட்டு விநாடி வீடியோ. காரின் மூக்கருகே வெள்ளைப் புகை, பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை, கீழே ஒரு வரி: ‘ஆனி மாதத் தள்ளுபடி’. அது கிழக்கு லண்டன் பார்க்கிங் தமிழர் வழியாகக் கனடா வரை போய் வந்தது. ஆவணிக்குப் பேசி வைத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒரு குடும்பம் மட்டும் மிஞ்சியது. ஆவணி முதல் ஞாயிறு, அதே மண்டபம், அதே ஏற்றம்.

“அண்ணை, இந்த ஒண்டு ஒழுங்கா நடந்தால் நான் தொடர்ந்து ஓட்டுவன்,” என்றார் சறோ. “இதிலயும் நிண்டுதெண்டால் காரை வித்துப்போட்டு வீட்டில இருந்து நாடகம் பாக்கிறன். எல்லாரும் அதைத்தான் சொல்லினம்.”

எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். வீட்டில் இருக்கும் எல்லாரும் என்றார்.

எஞ்சின் பிளாட்ஹெட் வகை. உங்களில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். வால்வுகள் மேலே இராமல் சிலிண்டருக்குப் பக்கத்தில், எஞ்சினின் இரும்பு உடலான புளொக்குக்குள்ளேயே இருக்கும். மேலே உள்ள ஹெட், அடியில் சிறு குழிவுள்ள வெறும் தட்டையான மூடி. எரிந்த புகை வெளியே போக வேண்டுமானால் புளொக்கின் வயிற்றுக்குள்ளால் சுற்றிப் போக வேண்டும். ஆகவே இந்த எஞ்சின்கள் சூடாகும். இதை அறியாதவர் நம் தொழிலில் இல்லை. அறிந்தவர்களால் வரும் கேடு என்ன என்பதுதான் இந்தக் கதை.

பிரித்துப் பார்த்தோம். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டில் மயிரிழை வெடிப்பு. வேறு கிராங்க் போட்டேயாக வேண்டும். போடுவதானால் எந்த ஸ்ட்ரோக் என்று முடிவு செய்ய வேண்டும். சறோவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“சறோ, ஸ்ட்ரோக்கைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும்.”

“ஐயோ அண்ணை, ஆருக்கு? அண்ணிக்கோ?”

“காருக்கு.”

“கடவுளே! அதுக்கும் வருமோ?”

பிஸ்டன் கீழிருந்து மேலே போகும் தூரம்தான் ஸ்ட்ரோக் என்று விளக்கினேன். சைக்கிள் பெடலின் கை நீண்டால் மிதிக்கும் பலம் கூடுவதுபோல, கிராங்கின் கை நீண்டால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் இழுக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மூச்செடுத்துக் கூடுதலாக எரிக்கும். இந்த எஞ்சினுக்குப் பிறப்பிலேயே உள்ள ஸ்ட்ரோக் மூன்றே முக்கால் அங்குலம். அதே கம்பெனியின் விலை கூடிய காரில் வந்த நாலு அங்குலக் கிராங்கும் இதற்குள் அப்படியே பொருந்தும். அந்த நாலை ஒருபக்கமாகச் சாணை பிடித்து நாலே அரைக்கால் ஆக்குபவர்களும் உண்டு.

“எது நல்லதோ அதைப் போடுங்கோ,” என்றார் சறோ. அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த இடத்தில் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கேள்வி இல்லாமலே பதில் வைத்திருந்தவர் அவருடைய மருமகன் குகன். கணினி வேலை, மாலையில் எஞ்சின் பற்றி இணையத்தில் வாதாடுவது பொழுதுபோக்கு. அடுத்த நாளே பட்டறைக்கு வந்துவிட்டார்.

“அங்கிள், நாலே அரைக்கால் போடுவம். வால்வைத் திறக்கிற கேமையும் மாத்துவம். ஹைவேயில சும்மா பறக்கும்.”

“தம்பி, மாமி இந்தக் காரை எங்க பறக்க விடுறவ? மேளத்துக்குப் பின்னாலயோ?”

“அப்ப நாலெண்டாலும் போடுங்கோ. எல்லாரும் நாலுதான் போடுகினம்.”

“அந்த எல்லாரிட வீடியோவும் கனடாவுக்குப் போனதோ?”

இப்படிப் பேசுபவனுக்குத் தான் சரி என்ற நிச்சயம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு தாளில் காரணங்களை வரிசையாக எழுதினேன். கார் கொதித்து நின்றது, ஆகவே சூடுதான் எதிரி. ஸ்ட்ரோக் கூடினால் எரிவது கூடும். எரிவது கூடினால் சூடு கூடும். புதுப் பிஸ்டன்களும் மூன்றே முக்காலுக்கு ஏற்றவையாக ஏற்கனவே வந்துவிட்டன. முடிவு: மூன்றே முக்கால். அழகான தாள் அது. ஒவ்வொரு வரியும் முந்திய வரியிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்தது. முதல் வரி எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

கிராங்க் வாங்குவது பார்க்கிங்கில் உள்ள மணியத்திடம். மலேசியத் தமிழர், கிராங்க் சாணை பிடிப்பதில் தென் இங்கிலாந்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் விசாரித்தபோது அவர் சொன்னது இது: “மூனே முக்கால் ஒன்னு எங்கயோ கெடக்கு அண்ணே, தேடணும். நாலு கையிலயே இருக்கு.”

முடிவெடுத்த அன்று நான் குரோய்டன் டிராமில் இருந்தேன். விதிப்படி பட்டறைக்குப் போய், படிவம் நிரப்பி, மின்னஞ்சல் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நம்முடைய ஆள், நம்முடைய மொழி. டிராமில் நின்றபடியே தொலைபேசி எடுத்தேன்.

“மணியம், மூண்டே முக்கால் காணும். நாலு கூட.”

“சரிங்கண்ணே, புரிஞ்சிடுச்சி. நான் பாத்துக்கிறேன்.”

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதில் சந்தேகமே வராது.

பத்து நாளில் கிராங்க் வந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றி, கண்ணாடிபோல் பளபளத்து. வந்த பாகத்தை அளந்து கையொப்பமிட வேண்டும் என்பது இருபத்திரண்டாவது விதி. அளந்தேன். பிஸ்டனின் இணைப்புத் தண்டு உட்காரும் ஒவ்வொரு கழுத்தின் விட்டத்தையும் முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து எழுதினேன். ஸ்ட்ரோக்கை அளக்கவில்லை. நானே கேட்டு வாங்கியதை நானே ஏன் அளக்க வேண்டும்? கையொப்பம் அழகாக இருந்தது.

கலியாணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. கிராங்க் புளொக்கில் ஏறியிருந்தது. முதல் இரண்டு பிஸ்டன்களையும் போட்டுவிட்டுக் கையால் மெல்லச் சுற்றினேன். வேடிக்கை பார்க்க வந்த குகன் குனிந்து பார்த்தார்.

“அங்கிள், இந்தப் பிஸ்டன் இவ்வளவு வெளியில எட்டிப் பாக்கிறது நோர்மலோ?”

நோர்மல் இல்லை. இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி அரைக்கால் அங்குலம் மேலே நின்றது. ஹெட்டை மூடியிருந்தால் அதில் போய் முட்டியிருக்கும். ஸ்ட்ரோக் கால் அங்குலம் கூடினால் அதில் பாதி மேலே போகும், பாதி கீழே போகும். காலில் பாதி அரைக்கால். நம் முன்னோர் பின்னத்துக்கு வைத்த பெயரே கணக்கைச் செய்து முடித்திருந்தது. இது நாலு அங்குலக் கிராங்க்.

மணியத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுமையாகத்தான் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அப்படி இல்லை என்கிறார் குகன்.

“மணியம், நான் உங்களிட்ட என்ன கேட்டனான்?”

“மூனே முக்கால் காணோம், நாலு கூட ஓகேன்னு சொன்னீங்கண்ணே. சரி, நம்ம பையனுங்க யாரோ தேடிப் பாத்துட்டு இல்லைன்னு உங்களுக்குச் சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சேன்.”

“காணோம் இல்லை, காணும்! காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்.”

“எங்க ஊருல அது தொலஞ்சி போச்சின்னு அர்த்தம் லா.”

“நாலு கூட எண்டால் நாலு அதிகம், வேண்டாம்!”

“நாலு கூடன்னா நாலும் பரவால்லைதானே? ஏண்ணே, நீங்க தமிழ்லயே சொல்லியிருக்கலாமே?”

குகன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அதற்குள் நானும் மணியமும் ஆங்கிலத்துக்கு மாறி, இரண்டு நல்ல தமிழர்களாக நிலைமையைப் பேசி முடித்திருந்தோம். மூன்றே முக்கால் கிராங்க் கிடைத்துவிட்டது, ஆனால் சாணை பிடித்துச் சமநிலை பார்த்துத் தர வெள்ளி காலை ஆகும். நாலுக்கு ஏற்ற பிஸ்டன்கள் அவரிடமே உண்டு, நாளைக்கே வரும். வெள்ளி என்றால் இரண்டு இரவு தூங்காமல் பூட்டி, ஓட்டிப் பார்க்காமலே ஞாயிறு மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். நாளை என்றால் நானே வேண்டாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்த கிராங்க்.

“பிஸ்டன்ட தலையைக் கொஞ்சம் சீவினால் என்ன அங்கிள்?”

“உம்மட தலையைச் சீவினால் என்ன தம்பி?”

என் மனம் வெள்ளிக்கிழமைப் பக்கம் சாய்ந்திருந்தது. காரணம் பொறியியல் என்று அப்போது நம்பினேன். அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும், காரின் சொந்தக்காரிக்குத் தெரியாமல் இப்படியொரு துணிச்சலில் இறங்கக் கூடாது. நேரே சறோ வீட்டுக்குப் போனேன்.

சறோ சோபாவில் இருந்தார். இடது காலை ஸ்டூலில் நீட்டி, முழங்காலின் மேல் உறைந்த பட்டாணிப் பை ஒன்றை வைத்திருந்தார்.

“என்ன காலில?”

“கிளச் கால் அண்ணை. ஓட்டாமல் விட்டு ஒரு மாசமாகுது, இன்னும் வீக்கம் வத்தேல்லை.”

“கிளச்சால வீங்குறளவுக்கு என்ன செய்தனீர்?”

“மேளகாரருக்குப் பின்னால போய்ப் பாருங்கோ. ஒரு அடி வைப்பினம், நிண்டு ஒரு தனி வாசிப்பினம், பிறகுதான் அடுத்த அடி. முக்கால் மணித்தியாலம் கிளச்சை அரைவாசி மிதிச்சபடி நிக்க வேணும். அண்டைக்கு ஏற்றத்தில ஏலாமல் போச்சு. காலை எடுத்திட்டன். எடுத்த உடன கார் ஒருக்காக் குலுங்கிப்போட்டு நிண்டிட்டுது. திரும்ப ஸ்டார்ட் பண்ணுறதுக்கிடையில மாப்பிள்ளை இறங்கித் தள்ளத் தொடங்கிட்டார். நல்ல பெடியன், என்ன செய்யிறது.”

“கார் கொதிச்செல்லோ நிண்டது?”

“ஆர் சொன்னது?”

“வீடியோவில புகை வந்ததே!”

“அண்ணை, அது சாம்பிராணி.”

வீடியோவைத் திரும்பப் போட்டோம். என் வீட்டில் இருபது தடவை பார்த்த வீடியோ. புகையை மட்டுமே பார்த்திருந்தேன். பதினாறாவது விநாடியில், ஓரத்தில், வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது. கையில் சாம்பிராணித் தட்டு. மாப்பிள்ளையின் பெரியம்மாவாம், காருக்கும் சேர்த்துக் கண்ணூறு கழித்திருக்கிறார்.

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டது தண்ணி குறைஞ்சதோ, ஊசி சிவப்புக்குப் போனதோ எண்டு. இல்லை எண்டு சொன்னனான். ஊசி பழுது எண்டு எழுதிப்போட்டுப் புதுசு வாங்கிப் பூட்டினீங்கள்.”

உண்மை. பூட்டியிருந்தேன். பழைய வெப்பமானி பழுதில்லாமல் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

“கால் இஞ்ச் கூடவோ குறையவோ எண்டு நீங்களும் குகனும் ஒரு மாசமாச் சண்டை பிடிக்கிறீங்கள்,” என்று சறோ பட்டாணிப் பையைத் திருப்பி வைத்தார். “எனக்குத் தெரிஞ்ச கால் இது ஒண்டுதான். இதுக்கு எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

நமது தொழிலில் இதைவிடத் தெளிவாக ஒரு தேவையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைக் கேட்க எனக்கு ஒரு மாதமும் ஒரு பிழையான கிராங்கும் தேவைப்பட்டன. நடைவேகத்தில், ஏற்றத்தில், பாரத்தோடு, கிளச்சை முழுதாக விட்டுவிட்டாலும் நின்றுபோகாமல் இழுக்கும் எஞ்சின். அதற்குக் கிராங்கின் கை நீள வேண்டும், அதாவது நாலு அங்குலம். சூட்டைப் பற்றி நான் எழுதியதில் பிழையில்லை. ஆனால் அது வேறொரு காருக்குப் பொருந்தும். இந்தக் காரை நிறுத்தியது சூடு இல்லை.

சறோ வீட்டுக் கூடத்திலிருந்தே மணியத்துக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, இலக்கத்தில் ஒரு தடவை: நாலு அங்குலத்துக்கான பிஸ்டன்கள், எட்டு. ‘கூட’ என்ற சொல்லை எங்கும் பாவிக்கவில்லை.

அடுத்த நாள் குகன் விரிந்த முகத்தோடு வந்தார். “நான் அப்பவே சொன்னன்தானே அங்கிள், நாலு எண்டு.”

“நீர் சொன்னது நாலே அரைக்கால், பறக்கிறதுக்கு.”

“கிட்டத்தட்டச் சரிதானே.”

நம் தொழிலில் கிட்டத்தட்ட என்றால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும் என்று சொல்ல வாயெடுத்து, செவ்வாய்க்கிழமையை நினைத்து அடங்கிக்கொண்டேன். கேமை மாற்றவில்லை. சாணை ஒன்றும் பிடிக்கவில்லை. கூடுதலாக எரியப்போவதற்கு ஈடாக ஹெட்டின் உள்குழிவை மட்டும் சிறிது அகட்டி, அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டோம். எஞ்சின் வெள்ளி பின்னேரம் காரில் ஏறியது. சனிக்கிழமை ஒரு பெரிய கடையின் மாடிக் கார்த் தரிப்பிடத்தில் ஏற்றத்தைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்த்தோம். மேளத்துக்குப் பதிலாகக் குகன் முன்னால் நடந்து வாயால் தவில் அடித்தார். கார் அதைச் சகித்துக்கொண்டது. காவலாளி சகிக்கவில்லை.

கால் அங்குலம் மந்திரம் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எஞ்சின் புதிதாகக் கட்டப்பட்டது, வெடிப்பில்லாதது. நன்மையில் பாதியாவது அதனால் வந்திருக்கும். உங்களிடம் யாராவது ஸ்ட்ரோக் பற்றிக் கேட்டு வந்தால் எந்த அளவும் சொல்லாதீர்கள். ஓட்டுபவர் யார், எங்கே, எந்த வேகத்தில், ஓட்டி முடித்தபின் அவருக்கு எங்கே நோகிறது என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஒரு படிவம் தயாரிக்கலாமா என்று யோசித்தேன். படிவம் கொடுத்தால் நீங்கள் படிவத்தைத்தான் பார்ப்பீர்கள்.

ஞாயிறு காலை நானும் போனேன். கையில் தண்ணீர்க் கலனோடு காருக்குப் பின்னால் நடந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் என் படிப்பு என்னை முழுதாக விட்டுவிடவில்லை. மேளம் தொடங்கியது. சறோ முதல் கியரில் போட்டு, கிளச்சை முழுதாக விட்டு, காலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எஞ்சின் தன்பாட்டில் மெல்லச் சுழன்றது. கார் தன்பாட்டில் நடந்தது.

நான் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. எஞ்சினின் மிக மெதுவான வேகம், மேளத்தின் வழக்கமான வேகத்தைவிடச் சற்று அதிகம். காரின் மூக்கு தவில்காரரின் முதுகை நெருங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டடி தள்ளிப் போனார். மறுபடி திரும்பினார்.

“அக்கா, கொஞ்சம் மெல்ல!”

சறோ கண்ணாடியை இறக்கினார். “இதைவிட மெல்லப் போறதெண்டால் என்ர கால் வேணும் தம்பி. அதைத் தர ஏலாது. நீங்கள் கொஞ்சம் கெதியா அடியுங்கோ!”

நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை நடுவில் விட்டுவிட்டு விறுவிறுப்பான ஒன்றைப் பிடித்தார். ஊர்வலம் நடந்தது. ஏற்றம் வந்தபோது இருபக்கமும் கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. சறோவைப் பார்த்து, பின்னால் தண்ணீர்க் கலனோடு வரும் கிழவனைப் பார்த்து, தோழன் எப்போது வேட்டியை மடிப்பான் என்று காத்திருந்தன. எஞ்சின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. நான் கலனின் மூடியைத் திருகினேன். கார் நிற்கவில்லை. ஏறி, வாசலுக்குப் போய், சறோ நிறுத்தியபோதுதான் நின்றது. தொலைபேசிகள் ஒவ்வொன்றாக ஏமாற்றத்தோடு தாழ்ந்தன.

குறித்த நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முந்தி வந்துவிட்டோம். மாப்பிள்ளையை வரவேற்க வாசலில் ஒருவரும் இல்லை. பெண்வீட்டார் உள்ளே இன்னும் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எங்கோ வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை காருக்குள்ளேயே இருந்து தலைப்பாகையைச் சரிசெய்தார். மேளகாரர்கள் மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

அவசரமாக வெளியே ஓடிவந்த ஓர் அம்மா, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, சறோவின் கண்ணாடியருகே குனிந்தார்.

“தங்கச்சி, ஐப்பசியில என்ர மகன்ர கலியாணம். உங்கட கார் வருமோ?”

சறோ இடது காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

“கார் வரும் அக்கா,” என்றார். “மேளகாரரைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ, அவைக்கு ஏலுமோ எண்டு.”